ஒரு மணிக் கப்பல்

மகப்பேறு விடுப்பில் இருந்த காலத்தில் எனக்கென்று நான் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்றுதான். ஒரு பழைய தொலைக்காட்சித் தொடரின் கடைசிப் பகுதியைப் பார்க்க வேண்டும். எழுதும்போதே கூச்சமாக இருக்கிறது. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு ஆசைப்படுகிற விஷயமா இது என்று யாராவது கேட்டிருக்கலாம். யாரும் கேட்கவில்லை. நானேதான் என்னைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

எப்போதோ வெளிநாட்டில் எடுத்த தொடர் அது. வீட்டுக்குப் போகும் வழியைத் தொலைத்துவிட்டு விண்வெளியில் அலையும் ஒரு கப்பல். அதில் ஒரு கேப்டன், ஒரு பெண் டாக்டர், இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் ஓர் இளம்பெண், இன்னும் முப்பது பேர். நான் ஆறாம் வகுப்பு படிக்கும்போது தமிழில் குரல் கொடுத்து ஞாயிற்றுக்கிழமை காலைகளில் போட்டார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் தெருவில் அந்த நேரத்தில் ஒரு பிள்ளையும் வெளியே இருக்காது. மொத்தம் ஐம்பத்திரண்டு பகுதிகள். நாற்பத்தேழாவது பகுதியோடு ஒரு சொல் கூடச் சொல்லாமல் நிறுத்திவிட்டு, அடுத்த ஞாயிறு அதே நேரத்தில் சமையல் நிகழ்ச்சி போட்டார்கள். கப்பல் வீடு போய்ச் சேர்ந்ததா என்று தெரியாமலே நான் பள்ளி, கல்லூரி, பி.எட்., வேலை, கல்யாணம் எல்லாவற்றையும் கடந்து வந்துவிட்டேன். இடையில் இரண்டு முறை மறுஒளிபரப்பு வந்தது. ஒரு முறை முப்பதோடு நின்றது. இன்னொரு முறை கிரிக்கெட் வந்து விழுங்கிவிட்டது.

“இணையத்துல இல்லாததா? தேடிப் பாரேன்” என்றார் என் கணவர்.

ஆங்கிலத்தில் இருக்கிறது. தமிழில் இல்லை. எனக்கு அந்தக் கேப்டன் தமிழில்தான் பேசியிருக்கிறார், சளி பிடித்தது போன்ற ஒரு கரகரத்த குரலில். வேறு குரலில் அவர் வீடு போய்ச் சேர்ந்தால், வேறு யாரோ போய்ச் சேர்ந்த மாதிரி இருக்கும். இதைக் கணவரிடம் விளக்க முயன்று பாதியில் விட்டுவிட்டேன்.

மகளுக்கு ஒன்பது மாதம் ஆகியிருந்தபோது, கேபிளில் மட்டும் வரும் ஒரு சின்னச் சேனலில் அந்தத் தொடர் மறுபடி வரத் தொடங்கியது. திங்கள் முதல் வெள்ளி வரை, பகல் ஒரு மணி. கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் விடுப்பு முடிவதற்கு இரண்டு வாரம் முன்னாலேயே ஐம்பத்திரண்டும் முடிந்துவிடும். மகள் தூங்குவதும் சரியாக அந்த நேரம்தான். எனக்கென்றே யாரோ நேரம் குறித்துக் கொடுத்த மாதிரி இருந்தது.

அந்தத் தொடருக்குக் கைப்பேசியில் ஒரு ரசிகர் குழு இருந்தது. இருபது பேர் இருப்போம். ராஜபாளையத்துக்காரர்கள் பாதி, மீதிப் பேர் சுற்றுவட்டாரம். அதில் எல்லோரையும் விட ஆர்வமானவர் சேத்தூர்க்காரர் ஒருவர், ராணுவத்தில் இருப்பவர், நீண்ட விடுமுறையில் வந்திருந்தார். குழுவில் இரண்டு சட்டங்கள். இணையத்தில் முடிவைப் படித்தவர்கள் வாயைத் திறக்கக் கூடாது. யாரும் டிவியைக் கைப்பேசியில் படம் பிடித்துப் போடக் கூடாது. சேனலுக்குத் தெரிந்தால் கோபித்துக்கொண்டு நிறுத்திவிடுவார்கள் என்று பயம். அந்தச் சேனல் எங்களைக் கவனிக்கிறது என்று நாங்கள் நம்பியதே பெரிய விஷயம்.

வீட்டில் எனக்குப் பயமெல்லாம் மகளைப் பற்றி. இரண்டு வயது வரை குழந்தை திரையைப் பார்க்கக் கூடாது என்று படித்திருந்தேன். தொட்டிலில் தூங்குகிற குழந்தையின் காதில் வெடிச்சத்தம் விழலாமா என்று அதில் எங்கும் எழுதியிருக்கவில்லை. அதனால் சத்தத்தை மூன்றில் வைத்து, டிவிக்கு ஒரு முழம் தள்ளித் தரையில் உட்கார்ந்து பார்ப்பேன். தொட்டில் அசைந்தால் உடனே அணைத்துவிடுவேன். அணைத்த பிறகு குழந்தை புரண்டு படுத்துத் தூங்கிவிடும். அதற்குள் கப்பல் ஏதோ ஒரு கிரகத்தில் இறங்கி ஏறியிருக்கும்.

என் மாமியார் எனக்குப் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டே பார்ப்பார். இருபத்து நான்கு வருடம் நூற்பாலையில் வேலை பார்த்தவர். அங்கே இயந்திரச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் கேட்காது. பெண்கள் முகத்தாலும் கையாலும்தான் பேசிக்கொள்வார்கள். வரன் பேசி முடித்ததைக்கூட இந்த வரிசைக்கும் அந்த வரிசைக்கும் நடுவில் ஒரு சத்தமும் இல்லாமல் சொல்லிவிடுவார்களாம். அவருக்கு இந்தத் தொடரில் முதல் நாளே ஒரு குறை.

“ஏம்மா, வாயி ஒண்ணு பேசுது, சத்தம் ஒண்ணு பேசுது. ரெண்டையும் சேத்துப் பாத்தா தலை சுத்துது. எதையாவது ஒண்ணை அமத்து.”

“சத்தத்தை அமத்துனா எப்படி அத்தை புரியும்?”

“மூஞ்சி இருக்குல்லா.”

தொடருக்கு அவர் வைத்த பெயர் ஒரு மணிக் கப்பல். “ஒரு மணிக் கப்பல் வாரதுக்குள்ள வந்து சாப்பிடு” என்பார்.

சேனல் எங்களைப் படுத்தியது. இருபத்தெட்டுக்குப் பிறகு முப்பத்தொன்றைப் போட்டார்கள். செத்துப்போன வில்லன் அடுத்த நாள் எழுந்து வந்து மிரட்டினான். கப்பல் வெடிக்கப் போகிற இடத்தில் வெட்டி, பதினைந்து நிமிடம் மூட்டுவலித் தைலம் விற்றார்கள். திரும்பி வந்தால் எல்லோரும் சிரித்துக்கொண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். குழுவில் கொதித்துப் போனார்கள். கடைசிப் பகுதிகளிலும் இப்படிச் செய்தால் என்ன ஆவது? சேனலுக்குக் கடிதம் எழுதுவதென்று முடிவானது. யார் எழுதுவது என்ற கேள்வியே வரவில்லை.

“டீச்சர் எழுதட்டும்” என்றார் சேத்தூர்க்காரர்.

நான் அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியை. எதையும் அரைகுறையாகச் செய்து பழக்கமில்லை. குழந்தை தூங்கிய நேரங்களில் நான்கு நாள் உட்கார்ந்து எழுதினேன். பெறுநர், பொருள், பார்வை எல்லாம் வைத்து, கூடவே கட்டம் போட்டு ஓர் இணைப்பு. எந்தப் பகுதி எந்த நாளில் வந்தது, எது வந்திருக்க வேண்டும், எத்தனை நிமிடம் வெட்டு, மூன்றாம் பகுதியிலிருந்து நேற்றைய பகுதி வரை. தவறுகளைச் சரிசெய்து முறையான வரிசையில் ஒளிபரப்பும்படி பணிவுடன் கேட்டுக்கொண்டு முடித்திருந்தேன். குழுவில் எல்லோரும் கைகூப்பும் படம் போட்டார்கள். ஒரு வாரம் எனக்குப் பெருமை தாங்கவில்லை.

நாற்பத்தாறாவது பகுதி முடிந்தது. இன்னும் ஆறு. என் விடுப்பில் மூன்று வாரம் இருந்தது. அடுத்த நாள் ஒரு மணிக்கு டிவியைப் போட்டேன். நேயர்களின் வேண்டுகோளுக்கிணங்கத் தவறுகள் அனைத்தும் திருத்தப்பட்டு என்று எழுத்து ஓடியது. பிறகு, முதல் பகுதி தொடங்கியது.

கப்பல் புதுசாகக் கிளம்பியது. எல்லோரும் கையசைத்தார்கள்.

குழுவில் முதலில் சேத்தூர்க்காரர் எழுதினார்: “டீச்சர், உங்க லெட்டரை அவிய நல்லா படிச்சிருக்காங்க.” அதற்குக் கீழே ஒருவர்: “கட்டம் போட்டது ரொம்ப தப்பு.” இன்னொருவர், “நாப்பத்தேழுல இருந்து மட்டும் எழுதிருக்கலாம்லா.” எழுதியிருக்கலாம்தான். மூன்றாம் பகுதியிலிருந்து தவறுகளைக் காட்டினால் முதலிலிருந்தே திருத்துவார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பிள்ளைகளின் விடைத்தாளில் ஒரு பிழையையும் விடாமல் சுழித்துப் பழகிய கை. மன்னிப்புக் கேட்டு ஒரு நீண்ட செய்தி எழுதி, அழித்து, மறுபடி எழுதி அனுப்பினேன். சேத்தூர்க்காரருக்கு அடுத்த வாரம் விடுமுறை முடிகிறது. வடக்கே எங்கேயோ போகிறார். “பரவால்ல டீச்சர், கப்பல் போகட்டும். நீங்க பாத்துட்டுச் சொல்லுங்க” என்றார். என்னாலும் பார்க்க முடியாது என்று அவரிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. புதுக் கணக்குப்படி கடைசிப் பகுதி நவம்பர் கடைசியில் வரும். நான் அக்டோபரில் பள்ளிக்குப் போக வேண்டும்.

அன்று மத்தியானம் நான் அழுதேன். மாமியார் எதற்கென்று கேட்டார். சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் கீரைக்கட்டைப் பிரித்துக்கொண்டே, “பள்ளிக்கூடம் நீ போ. கப்பலை நான் பாத்துச் சொல்லுதேன்” என்றார்.

காலாண்டு விடுமுறை முடிந்து நான் ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பள்ளிக்குப் பேருந்தில் போய்வரத் தொடங்கினேன். முதல் வாரம் ஒவ்வொரு இடைவேளையிலும் வீட்டுக்குப் போன் செய்தேன். சாப்பிட்டாளா, தூங்கினாளா, மூக்கு ஒழுகுகிறதா. மாமியாரிடம் இருப்பது பட்டன் போன். எடுத்ததும், “உம்பிள்ளை நல்லாத்தான் இருக்கா. நீ வாத்தியார் வேலையப் பாரு” என்று வைத்துவிடுவார். சாயங்காலம் வீடு வந்து, கைகால் கழுவி, மகளைத் தூக்கிய பிறகு கப்பல் செய்தி வரும்.

அவர் சத்தத்தை முழுதாக அணைத்துவிட்டே பார்த்தார். குழந்தை தூங்கவும் வசதி, அவருக்கும் வசதி. அதனால் எனக்குக் கிடைத்த கதை வேறு மாதிரி இருந்தது.

“அந்த டாக்டரு பொம்பள இன்னைக்கு கேப்டனுக்கு மொகங்குடுத்துப் பேசல. ரெண்டு பேருக்கும் என்னமோ வருத்தம்.”

குழுவில் பார்த்தால், டாக்டர் மருந்தில் விஷம் கலந்ததாகக் கேப்டன் சந்தேகப்பட்ட பகுதி என்று இருக்கும். அசந்துபோவேன். ஆனால் எப்போதும் அப்படியில்லை. வில்லனைக் கேப்டனின் உடன்பிறந்த தம்பி என்று முடிவு கட்டியிருந்தார். “சொத்துத் தகராறு. மூஞ்சில எழுதி ஒட்டிருக்கு. பாகம் பிரிச்சிக் குடுத்தா போயிருவான்.” அவன் வேறு கிரகத்து அரசன் என்று நான் சொன்னபோது, “அரசனுக்குத் தம்பி இருக்கக் கூடாதா?” என்றார்.

இதையெல்லாம் நான் மகளை மடியில் வைத்துக்கொண்டே குழுவுக்கு எழுதுவேன். வெகு விரைவில், ஒரு மணிக்குப் பார்த்தவர்களும் சாயங்காலம் ஆறு மணிக்கு மாமியார் சொல்வதற்காகக் காத்திருக்க ஆரம்பித்தார்கள். வடக்கே போன சேத்தூர்க்காரருக்கு அதுதான் தொடரே. தீபாவளியை ஒட்டிச் சிறப்பு நிகழ்ச்சிகள் என்று இரண்டு வாரம் கப்பலை நிறுத்திவிட்டார்கள். இந்த முறையும் போய்விட்டது என்றே நினைத்தோம். மூன்றாம் வாரம் வந்தது. குழுவில் ஒருவர், “யாரும் லெட்டர் கிட்டர் போட்டுறாதீங்க” என்று எழுதினார். நானும் அதற்கு ஒரு கைகூப்பும் படம் போட்டேன்.

இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் பெண் இறந்துபோன நாள் எனக்கு நினைவிருக்கிறது. நல்ல மழை. நனைந்துகொண்டு வீடு வந்தேன். மாமியார் கப்பலைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. நான் கேட்டபோது, “முதல்ல சாப்பிடு” என்றார். சாப்பிட்டேன். தட்டைக் கழுவி வைத்த பிறகுதான் சொன்னார். கப்பலின் அடித்தட்டில் கதவை உள்ளிருந்து பிடித்துக்கொண்டு அவள் நின்றுவிட்டாள். மற்றவர்கள் பிழைத்தார்கள். “சின்னப்பிள்ளை. எண்ணெய் பட்ட சட்டையோட நிப்பா” என்று மட்டும் சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டார்.

கடைசிப் பகுதி அரையாண்டுத் தேர்வு நடக்கும் வாரத்தில் வந்து விழுந்தது. மாதாந்திர மின்தடை எந்தத் துணைமின் நிலையத்துக்கு என்றைக்கு என்று குழுவில் எல்லோரும் நாளிதழைப் புரட்டினார்கள். ராஜபாளையத்துக்கு அன்று இல்லை. நான் தற்செயல் விடுப்புக்கு விண்ணப்பம் எழுதினேன். காரணம் என்ற இடத்தில் சொந்த வேலை என்று போட்டேன். பொய்யில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிற்பகல் தேர்வறைக்கு எனக்கு மேற்பார்வைப் பணி இருந்தது. இன்னொரு ஆசிரியை ஏற்கெனவே விடுப்பில் இருந்தார்.

தலைமையாசிரியை விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டு, “குழந்தைக்கு ஏதும் முடியலையா டீச்சர்?” என்றார்.

“இல்ல மேடம். நல்லா இருக்கா.”

“சரி, ஒங்க இஷ்டம். நான் போய் அந்த ரூம்ல நின்னுக்கிடுதேன்.”

அவருக்கு முழங்கால் வலி. மூன்று மணி நேரம் நிற்க முடியாது. மறுத்திருந்தால் எனக்குக் கோபமாவது வந்திருக்கும். விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கி மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

அன்று இரண்டு மணிக்கு வினாத்தாள் கொடுத்தபோது அங்கே எல்லாம் முடிந்திருக்கும் என்று தெரியும். கைப்பேசியை அணைத்து வைத்திருந்தேன். பேருந்திலும் திறக்கவில்லை. வேறு யாரிடமும் முதலில் கேட்டுவிடக் கூடாது என்று ஒரு பிடிவாதம். கிருஷ்ணன்கோவில் பக்கமிருந்து வந்த கல்லூரிப் பேருந்துகள் வரிசையாக முந்திக்கொண்டு போயின. எனக்கு முந்தி எல்லோரும் வீடு போய்ச் சேருகிறார்கள் என்று தோன்றியது.

வீட்டுக்குள் நுழைந்தபோது மாமியார் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்துகொண்டிருந்தார்.

“பாத்தீங்களா அத்தை?”

“பாத்தேன். இவ இன்னைக்குத் தூங்கல. பன்னெண்டரைக்கே முழிச்சிக்கிட்டா. நீதான் இவ டிவி பாக்கக் கூடாதுங்கியே. மூஞ்சிய அந்தப் பக்கமாத் திருப்பித் தோள்ல போட்டுக்கிட்டு நின்னே பாத்தேன்.”

“வீட்டுக்குப் போயிட்டாங்களா?”

“போயிட்டாங்க.”

அப்படியே தரையில் உட்கார்ந்தேன். ஆறாம் வகுப்பிலிருந்து தூக்கிக்கொண்டு வந்த கேள்வி. ஒரே சொல்லில் முடிந்துவிட்டது.

“விலாவாரியாச் சொல்லுங்க அத்தை.”

“கதவு தொறந்துச்சு. வெளிய ஒரே வெளிச்சம். ஒவ்வொருத்தரா எறங்குதாங்க. கேப்டன் படிக்கிட்ட நிக்காரு. எல்லாரும் அவரைக் கட்டிப் பிடிச்சி அழுதுட்டு எறங்குதாங்க. அந்த டாக்டரும் எறங்கிட்டா. இவரு அழல. கைய இப்படி வச்சிருந்தாரு.”

மகளை இடது தோளுக்கு மாற்றிவிட்டு வலது கையைத் தொடையோரம் தொங்கவிட்டார். ஆட்காட்டி விரல் மட்டும் சேலையில் மெல்லத் தட்டியது. ஒன்று, இரண்டு, மூன்று.

“எண்ணுதாரு” என்றார். “நாங்க வேலை முடிஞ்சி மில் வேன்ல ஏறும்போது சூப்பர்வைசரு இப்படித்தான் எண்ணுவாரு. வாயத் தொறந்து எண்ணுனா நாங்க கேலி பண்ணுவோம்னு, தொடையில தட்டி எண்ணுவாரு. ஆளு கொறைஞ்சா வண்டி எடுக்க விடமாட்டாரு.”

“பொறவு?”

“எல்லாரும் எறங்கியாச்சு. வெரலு நின்னுபோச்சு. இவரு உள்ள திரும்பிப் பாத்தாரு. ஒண்ணு கொறையுதுல்லா. அந்தப் பிள்ளை. அவ இல்லன்னு அவருக்குத் தெரியும். தெரிஞ்சும் திரும்பிப் பாக்காரு. ஒரு சொல்லு சொன்னாரு. அம்புட்டுத்தான், எறங்கிட்டாரு.”

அதன் பிறகே கைப்பேசியைத் திறந்தேன். நூற்றுக்கு மேல் செய்திகள். எல்லாம் ஒரே சண்டை. கேப்டன் கடைசியாக என்ன சொன்னார்? வீட்டுக்கு வந்ததைக் கொண்டாடும் இசையைச் சேனல்காரர்கள் அவர் குரலுக்கு மேலே ஏற்றி வைத்திருக்கிறார்கள். இத்தனை வருடம் காத்திருந்து காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்த ஒருவருக்கும் அந்தச் சொல் கேட்கவில்லை. “வந்துட்டோம்”னு சொன்னார் என்றார் ஒருவர். “மன்னிச்சிரு”ங்கிற மாதிரி இருந்தது என்றார் இன்னொருவர். விரலைப் பற்றி யாரும் எழுதவில்லை.

மாமியார் சொன்னதை ஒன்று விடாமல் எழுதினேன். விரலா, எந்த விரல், நான் கவனிக்கவில்லையே என்று ஒவ்வொருவராக வந்தார்கள். ஒருவர் மட்டும், எண்ணவெல்லாம் இல்லை, இசைக்குத் தாளம் போட்டார் என்றார். இருக்கலாம். நானே பார்க்காதவள், யாரோடு வாதாட முடியும்? சேத்தூர்க்காரர் எழுதினார்: “எண்ணத்தான் செஞ்சிருப்பாரு டீச்சர். நாங்க லாரில இருந்து எறங்கும்போது எண்ணுவாங்க. அத்தைகிட்ட அந்தச் சொல்லு என்னன்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க.”

கேட்டேன்.

“அது எனக்கெப்படித் தெரியும்? சத்தந்தான் இல்லையே, வாயி அவன் பாஷைல சொல்லுது” என்றார் மாமியார். பிறகு மகளின் முதுகைத் தட்டியபடி கொஞ்சம் யோசித்தார். “பேராத்தான் இருக்கும். கூப்பிடுத மாதிரிதான் வாய் போச்சு.”

அதை அப்படியே எழுதி அனுப்பினேன். நான் பார்க்க ஆசைப்பட்டதை நான் பார்க்கவில்லை. அந்தக் கரகரத்த குரல் கடைசியில் எப்படி ஒலித்தது என்று எனக்கு இனித் தெரியப்போவதில்லை. அந்த வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் கப்பல் வீடு போய்ச் சேர்ந்ததை என்னிடம் சொன்னவர், என் வீட்டில், என் குழந்தையைத் தோளில் சுமந்து ஒரு மணி நேரம் நின்றபடி, அவருக்கு ஒரு சொல்லும் புரியாத பாஷையில் அதை எனக்காகப் பார்த்து வைத்திருந்தார். எத்தனை யோசித்தாலும் இதைவிட நல்ல முடிவை நான் பார்த்திருப்பேன் என்று தோன்றவில்லை.

மகளை வாங்கிக்கொள்ளக் கை நீட்டியபோதுதான் அடுக்களையில் மூடி வைத்த தட்டு கண்ணில் பட்டது. மத்தியானச் சோறு. தொடவே இல்லை.

“சாப்பிடலையா அத்தை?”

“இவ எங்க விட்டா? ஒரு மணி ஆயிருச்சு, கப்பலும் வந்துருச்சு.”

மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுப்பைப் பற்ற வைத்தேன். குழம்பு சூடாகும் வரை அவர் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். அவருக்கு முதலில் பரிமாறினேன்.